தில்லியிலே தீட்டிய விதி திண்டிவனம் வந்து சேர வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் உரைத்துவிட்டது. ஊர்க்கோடியில் உள்ள கணினியின் காதிலே அது இன்னும் விழவில்லை.

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் வந்த தீர்ப்பைத்தான் சொல்கிறோம். நீதிபதி பர்திவாலா, நீதிபதி மகாதேவன் ஆகிய இருவரும் அமர்ந்து அளித்த தீர்ப்பு. வழக்கு என்ன? வங்கியிலே கணக்குத் தொடங்க விரும்பினாள் ஒரு பெண். இந்தக் காலத்து வழக்கப்படி, கருவியின் முன்னே முகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். கண்ணைச் சிமிட்டு, அப்போதுதான் நீ உயிருள்ள ஆள் என்று நம்புவேன் என்றது கருவி. அமிலம் வீசப்பட்டு முகம் வெந்து, இமை பொசுங்கிப்போன பெண் அவள். எப்படிச் சிமிட்டுவாள்? உயிரோடு எதிரே நிற்கிறாள்; உயிரில்லை என்று கருவி உதட்டைப் பிதுக்குகிறது! பார்வையற்றோர் சார்பிலும் இதே போன்ற முறையீடு சேர்ந்து வந்தது. இரண்டையும் கேட்ட நீதிபதிகள், இணையவழிச் சேவையை எட்டிப் பிடிக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21 ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பிரிக்கமுடியாத கூறு என்று கூறி, இருபது ஆணைகளைப் பிறப்பித்தனர்.

நல்ல தீர்ப்பு. நாடு நன்றி பாராட்ட வேண்டிய தீர்ப்பு. ஆனால் தோழர்களே, தீர்ப்பு தானாக நடந்து வராது. அதற்குக் கால் வேண்டும். அந்தக் காலைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

இணையத் தரம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும், இது பெரும்படிப்புப் படித்தவர்கள் பேச வேண்டிய பேச்சு, பள்ளியோடு ஏட்டை மூடிவைத்த நம் போன்றோருக்கு ஏன் என்று ஒதுங்குவோர் உண்டு. ஒதுங்க வேண்டாம். படியும் மரக்காலும் அறிந்தவனுக்கு இது புரியும். ஒரு ஊர்ப் படி பெரிது, அடுத்த ஊர்ப் படி சிறிது. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறு படி என்று உழவனை ஏய்த்த காலம் ஒன்று இருந்ததல்லவா? எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஆனதும் ஏய்ப்புக்கு இடம் குறைந்தது. அதுபோல, எந்தக் கணினியில், எந்த உலாவியில், எந்தக் கைபேசியில் திறந்தாலும், கண் தெரிந்தவன் பார்த்தாலும் தெரியாதவன் கேட்டாலும், பக்கம் ஒன்றே போல் பயன்பட வேண்டும் என்பதற்காக வகுத்த அளவுகோல்தான் இணையத் தரம்.

வகுத்தவர் யார்? 1989 இல் வலைப்பின்னலைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ என்கிற ஆங்கிலேயர், 1994 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய கூட்டமைப்பு. டபிள்யூ-த்ரீ-சி என்று அழைப்பார்கள். கண்டுபிடிப்பு பிறந்த செர்ன் நிறுவனமோ அதற்கு முந்திய ஆண்டே, 1993 ஏப்ரலில், இது எங்களுக்கு மட்டும் உரியதன்று, உலகுக்குப் பொது என்று விட்டுக்கொடுத்துவிட்டது. பட்டா போட்டுக்கொண்டிருந்தால், இன்று பக்கத்துக்கு இவ்வளவு என்று நாம் கப்பம் கட்டிக்கொண்டிருப்போம். பொதுவாக்கியதால் வளர்ந்தது. பொதுவான பொருளுக்குப் பொதுவான அளவு வேண்டும் என்பதால் தரம் வந்தது.

பொது அளவை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். வேகமான இணையத்துக்குப் பேர்போன நாடு. 1990களின் இறுதியிலே, இணையத்தில் பணம் கொடுக்கல் வாங்கலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று, தங்கள் நாட்டுக்கென்று தனி மறைகுறி முறையைச் செய்தார்கள். அதை இயக்குவதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் எக்ஸ் என்னும் செருகுநிரலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் செருகுநிரலோ அந்த நிறுவனத்தின் உலாவியில் மட்டும் ஓடும். விளைவு? ஒரு தேசமே ஒரு நிறுவனத்தின் கதவு வழியாக மட்டும் வங்கிக்குப் போக வேண்டியதாயிற்று. வேறு உலாவி வைத்திருந்தவன் வாசலில் நின்றான். சட்டப் பேராசிரியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். 2014 இல் வேடிக்கை ஒன்று நடந்தது. கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகி அணிந்த மேலங்கியின் மேல் சீனத்து ரசிகர்களுக்கு ஆசை. கையில் காசும் இருக்கிறது. கொரியக் கடைத்தளத்தில் வாங்க முடியவில்லை! செருகுநிரல் தடுக்கிறது. இதை அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே எடுத்துப் பேசினார். பல ஆண்டுகள் குடிமக்கள் கூவியது கேட்காத காதுக்கு, ஒரு மேலங்கி விற்காமல் போனது கேட்டது! அரசு அங்கீகாரச் சான்றுக்கு இருந்த ஏகபோகம் 2020 டிசம்பரில்தான் நீங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

இது சந்தையிலே நேர்ந்த இடர். நாம் அதிகம் கவலைப்படுவது, கண்ணில்லாதவனுக்கும் கையில்லாதவனுக்கும் நேரும் இடர் பற்றி.

பார்வையற்ற ஒருவர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்? திரை வாசிப்பான் என்றொரு மென்பொருள், திரையில் உள்ளதை ஓதிக் காட்டும். அதில் ஒன்று என்.வி.டி.ஏ.; 2006 இல் ஆஸ்திரேலியாவில், தாங்களே பார்வையற்றவர்களான இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. காசு கிடையாது, தமிழும் பேசும். ஆனால் அது ஓதுவதற்குப் பக்கத்தின் உள்ளே எழுத்து இருக்க வேண்டும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் பிணைத்திருக்க வேண்டும். படத்துக்கு மாற்றுரை இருக்க வேண்டும். 'பெயர்' என்று பக்கத்திலே அழகாக அச்சிட்டு, கட்டத்தோடு பிணைக்காமல் விட்டால், கண்ணுள்ளவனுக்கு விளங்கும், கருவியோ "எழுதுமிடம்... எழுதுமிடம்... எழுதுமிடம்" என்று கிளிப்பிள்ளை போல் கூவிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் தகப்பன் பெயர், எந்த இடத்தில் பிறந்த நாள்? பிணைப்பதற்கு எத்தனை நேரம் ஆகும் என்று தளம் கட்டும் தோழர் ஒருவரைக் கேட்டோம். ஒரு கட்டத்துக்கு ஒரு வரி என்றார்.

ஒரு வரி! அந்த ஒரு வரி இல்லாமையால் என்ன நடக்கிறது என்பதைச் சிறுநகரம் ஒன்றின் இ-சேவை மையத்தில் கண்டோம். பார்வையற்ற மாணவன், கல்லூரியில் படிக்கிறான், வீட்டிலே கணினி உண்டு, திரை வாசிப்பானும் உண்டு, விரல்கள் விசைப்பலகையில் விளையாடும். ஆனால் உதவித்தொகைப் படிவம் அவன் கருவியோடு பேசவில்லை. ஆகவே தகப்பனாரை அழைத்துக்கொண்டு மையத்துக்கு வந்திருந்தான். மேசைக்குப் பின்னே இருந்தவர் கேட்கக் கேட்க இவன் சொல்கிறான். சாதி என்ன? வருமானம் என்ன? ஊனம் எத்தனை விழுக்காடு? வங்கிக் கணக்கு எண் என்ன? வரிசையில் பதினைந்து பேர் காது கொடுத்து நிற்கிறார்கள். கடைசியிலே, "கடவுச்சொல் என்னப்பா?" என்றார் அவர். அவர்மேல் குற்றமில்லை, அன்பாகத்தான் கேட்டார். சற்றுத் தயங்கினான் பையன். பிறகு சொன்னான், அத்தனை பேர் காதிலும் விழ.

படித்த பிள்ளையைப் பள்ளியில் சேராத பிள்ளையாக்கி உட்கார வைக்கிறதே அந்தப் படிவம், அது யார் வரைந்தது? அவர் கெட்டவரா? இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்துக்குக் குறைவே இல்லை. அளவுகோல் வகுத்த கூட்டமைப்பு, அனைவரும் அணுகத்தக்க வலைப்பக்கத்துக்கான வழிகாட்டியின் முதல் பதிப்பை 1999 மே மாதம் வெளியிட்டது. இரண்டாவது 2008 இல். அதன் மேல் திருத்தங்கள் 2018 இலும் 2023 இலும். இந்திய அரசு தன் தளங்களுக்கென்று 2009 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2023 இல் வந்தது. 2015 டிசம்பர் 3 ஆம் நாள் 'சுகம்ய பாரத் அபியான்' தொடங்கினார்கள். எளிதில் அணுகத்தக்க இந்தியா என்பது பொருளாம். நம் ஊர்ப் பாட்டியிடம் இந்தப் பெயரைச் சொன்னால், நம்மைச் 'சுகமா' என்று விசாரிக்கிறார்கள் போலும் என்று எண்ணி, "சுகந்தாம்பா" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள். அணுகத்தக்க திட்டத்துக்கு அணுகமுடியாத பெயர்! கெடுக்கள் வைத்தார்கள், தள்ளியும் வைத்தார்கள். 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஜூனில் அதற்கு விதிகள் வந்தன. விதி வந்து இரண்டாண்டுக்குள் சேவை வழங்குவோர் அனைவரும், அரசானாலும் தனியாரானாலும், அணுகத்தக்க முறையிலே சேவை தரவேண்டும் என்கிறது சட்டத்தின் 46 ஆம் பிரிவு. அந்த இரண்டாண்டு 2019 இல் முடிந்துபோயிற்று.

பிறகு 2024 நவம்பர் 8 ஆம் நாள், 2005 இல் தொடுத்த ஒரு பொதுநல வழக்கிலே, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்த விதிகளில் 15 ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்றனர். ஏன்? சட்டம் 'செய்தே தீர வேண்டும்' என்கிறது. விதியோ 'செய்தால் நலம்' என்று குழைகிறது. எட்டவேண்டிய கூரையைக் காட்டுகிறாய், மிதிக்கவேண்டிய தரையை அமைக்கவில்லையே என்கிற கருத்துப்பட நீதிமன்றம் கேட்டது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டது. வழக்குத் தொடுத்தவருக்குத் தீர்ப்பு முழுமையாகக் கிடைக்க ஆன காலத்தில், பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போயிருக்கும்.

அதுவரை தில்லி உறங்கிற்று என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மாவட்டந்தோறும் தேசியத் தகவலியல் மையத்துக்கு அலுவலர் உண்டு. மாவட்டத் தளங்கள் பலவற்றை ஒரே வார்ப்பில் ஊற்றி, தரத்தை வார்ப்புக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இது மெச்சத்தக்க வேலை. மெச்சுகிறோம். ஆனால் மாவட்டத் தளத்தோடு முடிந்துவிடுகிறதா குடிமகனின் பயணம்? கூட்டுறவு வங்கியின் தளம், தனியார் கல்லூரியின் சேர்க்கைப் படிவம், மருத்துவமனையின் முன்பதிவு, பேருந்துச் சீட்டு, நகராட்சி வரி — இவற்றைக் கட்டுபவர் யார்? கடைத்தெரு மாடியில் இரண்டு கணினி வைத்துக்கொண்டு தொழில் செய்யும் நம் பிள்ளைகள்தாம். தில்லி வழிகாட்டியின் பெயரையே கேட்டிராதவர்கள். கேட்டிருந்தாலும் அது ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கத்தில். கட்டிக்கொடுத்தால் கிடைக்கும் கூலியைப் பார்த்தால், பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம்கூடப் படிக்கக் கட்டாது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்ற அமைப்பு, ஆண்டுதோறும் உலகின் முன்னணித் தளங்கள் பத்து லட்சத்தின் முகப்புப் பக்கங்களைக் கருவி கொண்டு சோதிக்கிறது. 2019 இல் பிழை காணப்பட்டவை 97.8 விழுக்காடு. 2025 இல் 94.8 விழுக்காடு. ஆறு ஆண்டில் மூன்று புள்ளி! மிகுதியாகக் கண்ட பிழை எது தெரியுமா? மங்கலான எழுத்து. வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பல் எழுத்து, அதுதான் நாகரிகமாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது நாலரைக்கு ஒன்று வேறுபாடு வேண்டும் என்று தரம் சொல்கிறது. அறுபது வயதுக் கண்ணுக்கும், பட்டப்பகலில் வயல்வரப்பில் நின்று கைபேசி பார்க்கும் கண்ணுக்கும் அது தேவை. ஊனமுற்றோர் சிலருக்காக இத்தனை ஆரவாரமா என்று முணுமுணுக்கும் கனவான்கள் இதைக் கவனிக்க. சிலர் என்றா சொன்னீர்கள்? 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். சில நாடுகளின் மக்கள்தொகையே அவ்வளவு இராது.

சரி, மேலே வகுத்த அளவைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது எப்படி? முன்பு செய்து பார்த்தது நமக்கு இருக்கிறது. 1957 ஏப்ரல் முதல் நாள், பதினாறு அணாக் கணக்கு போய் நூறு காசுக் கணக்கு வந்தது. மாற்று அட்டவணைகள் அச்சாகி ஊருக்கு ஊர் ஒட்டப்பட்டன. கடைக்காரன் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சில்லறை கொடுத்தான். திட்டம் வென்றது; காரணம், அட்டவணை தராசுத்தட்டு வரை வந்தது. ஒரு குறை: இந்தக் காசு ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்று காசின்மேல் விளக்கம் எழுதினார்களே, அதை இந்தியில் மட்டும் எழுதினார்கள். புரியாதவனுக்குப் புரியவைக்க எழுதிய வாசகம், புரிந்தவனுக்கு மட்டும் புரியும் மொழியில்!

அதற்கு முன்பே, எந்தச் சர்க்காரும் ஆணையிடாமல் ஒரு தரம் ஊருக்குள் இறங்கியது. 1935 இல் பெரியார் 'குடி அரசு' ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தைப் புகுத்தினார். ணை, லை, ளை, னை என்று இன்று நாம் எழுதுகிற வடிவம். ஆணையம் வைத்தா செய்தார்? அச்சிட்டார், வாரந்தோறும் அச்சிட்டார், படித்தவன் கண் பழகிற்று. 1978 இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அரசாணை போட்டபோது, நாற்பத்து மூன்று ஆண்டுப் பழக்கத்துக்கு முத்திரை குத்தியதுபோல்தான் இருந்தது.

கணினியிலே தமிழுக்கு நேர்ந்ததும் இதே பாடம்தான், தலைகீழாக. தொடக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பியதை மற்றவர் திறந்தால் கோழி கிளறிய குப்பை. 1999 பிப்ரவரியில், கலைஞர் ஆட்சியில், சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. உலகெங்குமிருந்து தமிழ்க் கணிஞர்கள் வந்து அமர்ந்து, விசைப்பலகை இது, எழுத்துக் குறியீடு இது என்று முடிவுக்கு வந்தனர். அங்கே பிறந்த தமிழ்99 விசைப்பலகை இன்றும் கைபேசி வரை வாழ்கிறது. பிறகு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில், ஒருங்குறியே அரசின் தரம், அதோடு அனைத்தெழுத்துக் குறியீடான டேஸ்16 என்று ஆணை வந்தது.

ஆணை வந்தது, எழுத்தர் மேசைக்கு வந்ததா? பல ஆண்டு பழகிய விரல் பழைய எழுத்துருவையே நாடுகிறது. அதனால் என்ன கெட்டது என்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடியுங்கள். கண்ணுக்கு அம்மாதான். கணினிக்கு உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். திரை வாசிப்பான் அதைத்தான் ஓதும். பெற்ற தாயின் பெயரைக் கேட்கக் காத்திருப்பவன் காதில் எம்-கே-கே-எச் என்று விழும்! தேடினாலும் கிடைக்காது. இன்னும் சில இடங்களில் அதுவும் இல்லை. தாளில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, அதைப் படமெடுத்து ஏற்றிவிடுகிறார்கள். பார்வையற்றவனுக்கு அது வெற்றுத்தாள். சட்டப்படி வெளியிட்டாயிற்று என்று கோப்பு மூடப்படும். ஒருங்குறியில் அடித்தாலும் ஒன்று உண்டு: இந்தப் பக்கம் தமிழ் என்று பக்கத்தின் தலையிலே ஒரு குறிப்பு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தமிழை ஆங்கிலக் குரலில் ஓத முயன்று கருவி திணறும். இதுவும் ஒரே வரி வேலைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தரத்தைக் கீழே கொண்டுவருவது மட்டும் போதாது. கீழே உள்ளவன் குரல் தரம் வகுக்கும் இடத்துக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் எழுத்தே சாட்சி. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இல் இடம் கிடைத்தது. எந்த வரிசையில்? இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் தேவநாகரியின் அடுக்கை அச்சாக வைத்து, 1988 இல் இந்திய அரசு செய்த குறியீட்டின் வரிசையில். ஆகவே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று காலி இடங்கள். நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்கு ஒதுக்கிய நாற்காலிகள். நம்மிடம் உள்ள னகரமோ நகரத்துக்குப் பின்னால் செருகப்பட்டு, பகரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி, ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால். தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்வரிசையின் கடைசியில் நின்ற ன, கணினியின் கச்சா வரிசையில் நடுக்கூடத்துக்கு இழுக்கப்பட்டது. அகர வரிசையில் பெயர்ப்பட்டியல் வேண்டுமென்றால் தனியே ஒரு விதி எழுதித் திருத்த வேண்டியிருக்கிறது. அது எழுதியும் ஆயிற்று. இன்று பெரிய இடையூறில்லை. ஆனால் முடிவு செய்யும் அறையிலே அன்று தமிழ் தெரிந்தவன் குரல் வலுவாக ஒலித்திருந்தால், அந்தத் திருத்தமே தேவைப்பட்டிராது.

அந்த அறையின் கதவு இப்போது திறந்திருக்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். அளவுகோல் வகுக்கும் கூட்டமைப்பு, பல நாடுகளில் வட்டார அலுவலகங்கள் வைத்து வேலை செய்தது. இந்திய அலுவலகம் 2010 இல் புதுதில்லியில், மத்திய அரசின் இந்திய மொழித் தொழில்நுட்பத் திட்டத்தின் கீழ் அமைந்தது. வட்டார அலுவலகம் என்பதன் நோக்கமே, தரத்தை அந்தந்த மண்ணின் மொழியில் பேசுவதும், அந்தந்த மண்ணின் தேவையை மேலே சொல்வதும். இந்திய எழுத்துகளைத் திரையில் அடுக்குவதற்கான தேவைகளைக் கூட்டமைப்பின் குழு ஒன்று தொகுக்கிறது. தமிழும் அதில் உண்டு. பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கினால் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் பிய்த்துவிடக் கூடாது என்பது போன்ற செய்திகள். நம் ஊர் அச்சுக்கோப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும் செய்தி. அவரை யார் கேட்டார்கள்? கருத்துச் சொல்ல உறுப்பினர் சீட்டு வேண்டியதில்லை, எவரும் எழுதலாம். ஆனால் தில்லியில் ஒரு அலுவலகம் இருந்தால் திருநெல்வேலிக்குச் செய்தி வந்துவிடும் என்று எண்ணுவது, வானொலி நிலையம் கட்டிவிட்டு வானொலிப் பெட்டி கொடுக்காமலிருப்பது போலத்தான்.

ஆகவே கேட்கிறோம்: மாவட்டத்துக்கு ஒரு பாலிடெக்னிக்கைத் தேர்ந்து, தளம் கட்டும் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்து உட்காரவைக்க எவ்வளவு செலவாகும்? நூற்றுக்கணக்கான பக்க வழிகாட்டியை ஓதவேண்டாம். சுட்டெலியைக் கழற்றி வையுங்கள். நீங்கள் கட்டிய படிவத்தை விசைப்பலகையை மட்டும் வைத்து முடித்துக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். பாதிப் பேர் மூன்றாவது கட்டத்தில் சிக்கிக்கொள்வார்கள். அடுத்தபடியாகத் திரையை அணைத்துவிட்டுத் திரை வாசிப்பானோடு முயலச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அமர்வு முடிந்தது என்று தூக்கி எறியும் படிவத்தின் கொடுமை அப்போது விளங்கும். பாடம் நடத்த தில்லியிலிருந்து நிபுணர் வரவேண்டாம். அந்த இ-சேவை மையத்து மாணவனைப் போன்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள், கௌரவத்துக்குச் சால்வை போர்த்தி அனுப்பாமல், நாட்கூலி கொடுத்து அழையுங்கள். பிழை கண்டுபிடிப்பது அவர்களுக்குத் தொழிலாகட்டும். தமிழிலே நாலு பக்கத்தில் ஒரு சிறு கையேடு. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இருக்கிறது, அதனால் ஆகாத காரியமா இது?

செலவாகும் என்றால், முன்னமே செய்தால் ஒரு வரி; பின்னர் திருத்தினால் சுவரை இடித்துச் சன்னல் வைப்பது போன்ற வேலை. அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெரிய கடை நிறுவனம், பார்வையற்றோர் சங்கம் 2006 இல் தொடுத்த வழக்கிலே, 2008 இல் அறுபது லட்சம் டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. ஐரோப்பியர் இன்னும் கண்டிப்பு. 2025 ஜூன் 28 முதல் தனியார் வணிகத் தளங்களுக்கும் அங்கே சட்டம் பாய்கிறது.

இங்கே நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் தளம் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. அந்த ஒப்பந்தத்திலே முகப்பில் யார் யார் படம் எந்த அளவில் வரவேண்டும் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அணுகத்தக்க தரத்துக்குச் சான்று கொண்டுவந்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று ஒரு வாசகம் சேர்க்கத் தெரியாதா? சோதித்துச் சான்றளிக்க மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. என்னும் அமைப்பு இருக்கிறது. மன்ற உறுப்பினர்களாக இருக்கும் நம் தோழர்கள் அடுத்த கூட்டத்திலே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அந்த வாசகம் இல்லையென்றால் தீர்மானம் கொண்டுவரட்டும். நகலையே படமெடுத்த தாளாகக் கொடுத்தால், அதையும் சேர்த்துக் கேட்கட்டும்.